குரலைச் சுமந்து திரும்பும் நரம்பு

மனிதக் குரல் தொண்டையில் பிறக்கிறது என்பதை அறியாதவர் இல்லை. ஆனால், அக்குரலை எழுப்பும் கட்டளை எவ்வழியாகத் தொண்டையை வந்தடைகிறது என்பதை அறிந்தோர் சிலரே. மூளையிலிருந்து புறப்படும் அக்கட்டளை குரல்வளையைக் கடந்து நெஞ்சுக்குள் இறங்குகிறது. இடப்புறத்தில், இதயத்திற்கு மேலே வளைந்து செல்லும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறிய பின்னரே குரல்வளையைச் சேர்கிறது. இந்தச் சுற்றுவழியை விளங்கிக்கொண்டால், குரல் நாண் ஏன் செயலிழக்கிறது என்பதும், நாட்பட்ட குரல் கம்மலை ஏன் அலட்சியம் செய்யலாகாது என்பதும் தெளிவாகும்.

குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் உள்ளன. மூச்சு விடுகையில் அவை விலகுகின்றன. பேசுகையில் நெருங்கி அதிர்கின்றன. விழுங்குகையில் இறுக மூடி, உணவும் நீரும் மூச்சுக்குழாய்க்குள் புகாமல் காக்கின்றன. தஜ்வீத் பயின்றோர் இவ்வதிர்வை எளிதில் உணர்வர். ‘ஸாய்’, ‘ஸீன்’ ஆகிய இரண்டு எழுத்துகளுக்கும் மக்ரஜ் ஒன்றே. முன்னதில் நாண்கள் அதிர்கின்றன, பின்னதில் அதிர்வதில்லை என்பதே அவற்றிடையே உள்ள வேறுபாடு. குரல்வளைத் தசைகளில் ஒன்று நீங்கலாக ஏனைய அனைத்தையும் இயக்குவது நாம் மேலே கூறிய நரம்புதான். அதனை ‘மீள் குரல்வளை நரம்பு’ எனலாம்.

இந்நரம்பின் வரலாற்றில் அரபு மொழிக்குச் சிறப்பான இடமுண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ், கதறிக்கொண்டிருந்த பன்றியின் இந்நரம்பை அறுத்ததும் அதன் உடல் துடிக்க, குரல் மட்டும் நின்றுபோனதைக் காட்டினார். உடற்கூறாய்வு முறைகள் பற்றி அவர் எழுதிய 15 பாகங்கள் கொண்ட நூலின் பிற்பகுதி கிரேக்க மொழியில் அழிந்துபோயிற்று. குரல்வளையை விளக்கும் 11ஆம் பாகம், ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (இறப்பு 873) குழுவினரின் அரபு மொழிபெயர்ப்பிலேயே உலகுக்கு எஞ்சியது.

இப்னு ஸீனா (980–1037) தமது ‘அல்கானூன்’ நூலில் இந்நரம்பை ‘ராஜிஃ’, அதாவது திரும்பி வருவது, என்று குறிப்பிடுகிறார். துக்கச் செய்தி கேட்டதும் நாம் மொழியும் ‘ராஜிஊன்’ என்பதும் இதே வேர்ச்சொல்லில் பிறந்ததுதான். குரல்வளைத் தசைகளைக் கீழ்நோக்கி இழுக்க வேண்டியிருப்பதால் நரம்பு கீழிருந்து வர வேண்டும். அவ்வாறு திரும்புவதற்குக் கிணற்றுக் கப்பி போன்ற உறுதியான பிடிமானம் வேண்டும். பெருந்தமனி அப்பிடிமானமாக அமைகிறது என்பது அவர் தரும் விளக்கம்.

இன்றைய கருவியல் வேறு விளக்கம் தருகிறது. கரு வளரும் தொடக்க நாள்களில் இதயம் கழுத்தருகே இருக்கிறது. அப்போது இந்நரம்பு ஒரு தமனி வளைவுக்குக் கீழாக நேரே குரல்வளைக்குச் செல்கிறது. பின்னர் இதயமும் தமனிகளும் நெஞ்சுக்குள் இறங்குகையில் நரம்பையும் உடன் இழுத்துச் செல்கின்றன. வலப்புற நரம்பு கழுத்தடியில் உள்ள தமனியை மட்டும் சுற்றித் திரும்பிவிடுகிறது. இடப்புற நரம்போ நெஞ்சின் ஆழம்வரை சென்று வருவதால், திரும்பும் பகுதி மட்டும் ஏறத்தாழ 12 செ.மீ. நீளமுடையது, வலப்புறத்தைப் போல் இரு மடங்கு. விளக்கம் மாறினும், தமனி இங்கே கப்பியாக நிற்கிறது என்ற உவமை இன்றும் பொருந்துகிறது. கப்பி என்றால் கயிற்றின் மீது இழுவை இருக்குமன்றோ? அதுவே நமது அடுத்த வினா.

நரம்பு வெறும் மின்கம்பி அன்று. நுண்ணிய இழைகள், அவற்றைக் கற்றைகளாகச் சூழும் உறைகள், அனைத்தையும் பொதியும் வெளியுறை, இவற்றினூடே ஓடும் இரத்த நாளங்கள் எனப் பல அடுக்குகளாலான உயிருள்ள திசு அது. தளர்ந்த நிலையில் இழைகள் அலையலையாக மடிந்திருக்கும். இழுக்கும்போது முதலில் அம்மடிப்புகள் விரிகின்றன. ஆகவே தொடக்கத்தில் நரம்பு எளிதாக நீள்கிறது. மடிப்புகள் தீர்ந்தபின் உறைகளே இழுவையைத் தாங்க வேண்டும். அப்போது நரம்பு விறைக்கிறது. அதற்கும் மேல் இழுத்தால், அறுபடுவதற்கு நெடுமுன்னரே அதன் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. 1973இல் முயலின் கால் நரம்பில் நடத்தப்பெற்ற ஆய்வு ஒன்றில், நீளம் 8 விழுக்காடு கூடியபோதே சிரை ஓட்டம் குறையத் தொடங்கியது; 15 விழுக்காட்டில் இரத்த ஓட்டம் முற்றிலும் நின்றது. அறுபடாத நரம்பும் செயலிழக்கக்கூடும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

இவ்வுண்மை அறுவை மருத்துவத்தில் அன்றாடம் பயன்படுவது. தைராய்டு சுரப்பியை அகற்றுகையில் நரம்பு வெட்டுண்பதைவிட, சுரப்பியை முன்னோக்கி இழுக்கும்போது உடன் இழுபட்டுச் செயலிழப்பதே மிகுதி. பார்வைக்கு முழுமையாகத் தெரியும் நரம்பு, கட்டளையைக் கடத்த இயலாததாகிவிடுகிறது. நல்வாய்ப்பாக, இத்தகைய பாதிப்பு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சீராகிறது.

அறுவை சிகிச்சை தவிர்த்த ஏனைய காரணங்களை நரம்பின் வழியைப் பின்பற்றியே தேடலாம். மூளைத்தண்டில் ஏற்படும் பக்கவாதம், கழுத்தில் தைராய்டுப் புற்றுநோய், நெஞ்சில் நுரையீரல் அல்லது உணவுக்குழாய்ப் புற்றுநோய், காசநோயால் பெருத்த நிணநீர்க் கணுக்கள், பெருந்தமனி வீக்கம் ஆகியன அவற்றுட் சில. 1897இல் வியன்னா மருத்துவர் ஆர்ட்னர், மைட்ரல் வால்வு சுருங்கி இதயத்தின் இடது மேலறை பெருத்தவர்களிடம் இடது குரல் நாண் செயலிழந்திருப்பதை எடுத்துரைத்தார். வாதக் காய்ச்சலால் வால்வு பழுதடைவது இன்றும் நம் நாட்டில் காணப்படுவதால், இச்செய்தி நமக்குப் பழங்கதை அன்று. இடப்புற நாணே மிகுதியாகப் பாதிக்கப்படுவதற்கு அதன் நரம்பு செல்லும் நெடுவழியே முதற்காரணம்.

எவ்வளவு தேடினும் காரணம் புலப்படாத நோயாளிகளும் உள்ளனர். நச்சுயிரித் தொற்று அவர்களுள் சிலருக்குக் காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது. வேறு சில ஆய்வாளர் நரம்பின் இழுவையை நோக்குகின்றனர். நிமிடத்திற்கு 70 முறை எனக் கொண்டால் இதயம் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் பெருந்தமனி விரிகையில் அதனை அணைத்துச் செல்லும் நரம்பும் அசைகிறது. வயது ஏற ஏறத் தமனி விறைத்து, அகன்று, நீள்கிறது. அதனால் நரம்பின் மீது விழும் சுமையும் மாறக்கூடும். பன்றிகளின் நரம்பை இழுவைச் சோதனைக்கு உட்படுத்தி இக்கருத்தை ஆராய்ந்து வருகின்றனர். இது இன்னும் நிறுவப்பெறாத கருதுகோளே. எனினும், ஜாலீனூஸ் வினாத் தொடுத்த அதே விலங்கிடம் இன்றும் விடை தேடப்படுவது நோக்கத்தக்கது.

ஒரு நாண் செயலிழந்தால் குரலில் காற்றுக் கலந்து மெலியும்; பேசினால் விரைவில் களைப்பு வரும்; நீர் அருந்துகையில் புரையேறும். இரு நாண்களும் நடுவில் நின்றுவிட்டால் மூச்சே தடைப்படும். அது உடனடிச் சிகிச்சை வேண்டும் நிலை. அறுபட்ட நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே வளர்கிறது. திறக்கும் தசைக்கும் மூடும் தசைக்கும் உரிய இழைகள் ஒரே நரம்பில் கலந்திருப்பதால், வளரும் இழை தவறான தசையைச் சேர்ந்துவிடுவதும் உண்டு. ஆகையால் மருத்துவர்கள் பல மாதங்கள் பொறுத்திருந்து, பேச்சுப் பயிற்சியாலும் நாணை ஊசி மருந்தால் தற்காலிகமாகப் பருக்கச் செய்தும் உதவுகின்றனர். நிலையான தீர்வாக, செயலிழந்த நாணை நடுவே தள்ளி நிறுத்தும் அறுவை முறையை 1974இல் ஜப்பானிய மருத்துவர் இஸ்ஷிகி வெளியிட்டார். அண்டையிலுள்ள வேறொரு நரம்பை இணைக்கும் முறையும் உண்டு.

ஓதுதல், பாங்கு சொல்லுதல், பாடம் நடத்துதல், பயான் செய்தல் எனக் குரலையே கருவியாகக் கொண்டோர் நம்மிடையே பலர். குரல் கம்மினால் “அதிகமாக ஓதிவிட்டோம், சளி பிடித்திருக்கிறது” என்று கருதி, கற்கண்டும் சுக்கும் போதுமென இருந்துவிடுவது அவர்கள் வழக்கம். பெரும்பாலான வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆயினும், நான்கு வாரங்கள் கடந்தும் கம்மல் தீராவிடில் குரல்வளையை உள்நோக்கியால் பார்த்துவிட வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல். புகைப்பழக்கம், கழுத்தில் கட்டி, அண்மையில் நடந்த அறுவை, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்றிருந்தாலும் அதுவரை காத்திருத்தல் கூடாது. காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் சில நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனை அது. தொண்டைக்காகச் சென்றவரை மருத்துவர் நெஞ்சுப் படம் எடுத்துவரச் சொன்னால் வியப்படைய வேண்டியதில்லை. குரலின் நரம்பு நெஞ்சுக்குள் சென்று திரும்புவது. அவ்வழியில் நேர்ந்ததைக் குரலே முதலில் அறிவிக்கிறது.