கடைகள் கைவிட்ட நகர மையம்: சான்பிரான்சிஸ்கோவில் நடந்தது என்ன?

சான்பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில், கேபிள் கார் வந்து திரும்பும் பவல் தெரு முனைக்கு எதிரே ஒரு பெரிய மால் கட்டடம் இருக்கிறது. 1988-இல் அது திறந்தபோது சுழல் வடிவ நகரும் படிக்கட்டுகளைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்தது. வளைந்து வளைந்து மேலே போனால், உச்சி மாடிகள் முழுக்க நார்ட்ஸ்ட்ராம் என்ற ஒரே கடை. துணி, செருப்பு, நகை, வாசனைத் திரவியம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். 2023 ஆகஸ்டில் அந்தக் கடை சுமார் 35 ஆண்டு வியாபாரத்தை முடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், மாலின் உரிமையாளர்களான வெஸ்ட்ஃபீல்ட், புரூக்ஃபீல்ட் நிறுவனங்கள் 55.8 கோடி டாலர் கடனுக்குத் தவணை கட்டுவதை நிறுத்தி, கட்டடத்தைக் கடன் கொடுத்தவர்களிடமே விட்டுவிட முடிவு செய்திருந்தன. 2025-இல் அங்கே மிஞ்சியிருந்த இன்னொரு பெரிய கடையான ப்ளூமிங்டேல்ஸும் மூடியது.

இதே நகரில் 1969-இல் பிறந்த கேப் நிறுவனம், பவல் தெரு முனையிலிருந்த தன் பெரிய கடையை 2020-இலேயே மூடிவிட்டது. அதன் துணை நிறுவனமான ஓல்ட் நேவி 2023-இல் போனது. மார்க்கெட் தெருவில் 2022 மார்ச்சில் ஆரவாரமாகத் திறந்த ஹோல் ஃபுட்ஸ் மளிகைக் கடை, ஊழியர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி 13 மாதத்தில் பூட்டப்பட்டது. 2024 பிப்ரவரியில், நாடு முழுக்கச் சுமார் 150 கடைகளை மூடப்போவதாக அறிவித்த மேசிஸ், யூனியன் சதுக்கத்தில் 1947 முதல் தன் பெயரைத் தாங்கி நிற்கும் கடையையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. கட்டடம் விலைபோகும்வரை கடை திறந்திருக்கும் என்பது மட்டுமே ஆறுதல்.

திருட்டுதான் காரணமா?

உலகம் முழுக்கப் பரவிய பதில் அதுதான். கடைக்குள் புகுந்து பை நிறைய அள்ளிக்கொண்டு ஓடும் காணொளிகளைப் பார்க்காதவர்கள் குறைவு. 950 டாலருக்குக் குறைவான கடைத்திருட்டைச் சிறு குற்றமாக்கிய 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பலர் குறைகூறினார்கள். 2024 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்களே அதில் ஒரு பகுதியை மாற்றி எழுதினார்கள்.

திருட்டு பொய்யல்ல. நகர மையத்தை ஒட்டிய டெண்டர்லாய்ன் பகுதியில் ஃபென்டனில் போதைப்பொருள் ஆடிய கோர ஆட்டமும் பொய்யல்ல. சுமார் எட்டு லட்சம் பேர் வாழும் ஊரில் 2023-இல் மட்டும் 800-க்கும் மேற்பட்டோர் அளவுக்கு மீறிய போதையால் இறந்தார்கள். அந்தப் பகுதி வழியாக வேலைக்கு வந்து போன கடை ஊழியருக்குப் பயம் இருந்திருக்கும். அதை யாரும் லேசாகப் பேசக்கூடாது.

ஆனால் கடைகள் மூடியதற்கு முழுக் கணக்கையும் திருட்டின் தலையில் எழுதுவது தவறு. வால்கிரீன்ஸ் மருந்துக் கடை நிறுவனம் 2021-இல் இந்நகரில் ஐந்து கடைகளை மூடியபோது, கூட்டமாக வந்து திருடுவதைத்தான் காரணமாகச் சொன்னது. 2023 ஜனவரியில் அதன் நிதித் தலைவர் ஜேம்ஸ் கெஹோ முதலீட்டாளர்களிடம் பேசும்போது, போன வருடம் நாங்கள் சற்று அதிகமாகவே புலம்பிவிட்டோமோ என்ற பொருளில் சொன்னார். விற்பனையில் 3.5 சதவீதமாக இருந்த சரக்கு இழப்பு 2.5 சதவீத அளவுக்குக் குறைந்திருந்தது. அமெரிக்காவில் 200 கடைகளை மூடும் திட்டத்தை அந்நிறுவனம் 2019-இலேயே அறிவித்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் அறிவிப்பு ஊர் ஊராகப் பரவியது. பின்னால் வந்த ஒப்புதலை வணிகப் பக்கம் படிப்பவர்கள் மட்டுமே கவனித்தார்கள்.

காலியான நாற்காலிகள்

புறநகர்களான ஃப்ரீமாண்டிலோ டப்ளினிலோ வீடு இருக்கும். காலையில் பார்ட் ரயில் ஏறி நகர மையத்து மாண்ட்கோமரி நிலையத்தில் இறங்குவார்கள். அங்கே வேலை பார்க்கும் நம் ஊர் மென்பொருள் பொறியாளர்கள் பலருக்கும் 2020 வரை இதுதான் வழக்கம். அப்படி வந்த ஒருவர் ஒரு நாளில் என்ன செய்தார்? நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் காபி. மதியம் சக ஊழியர்களோடு வரிசையில் நின்று சாப்பாடு. தலைவலி மாத்திரை தீர்ந்திருந்தால் எதிர்ச்சாரி மருந்துக் கடை. மாலை ஆறு மணிக்கு ரயில் கூட்டம் குறையட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் ஒரு சட்டை, பிள்ளைக்கு ஒரு செருப்பு. இவற்றில் எதற்காகவும் அவர் நகர மையத்துக்கு வரவில்லை. வந்த இடத்தில் வாங்கினார், அவ்வளவுதான்.

பெருந்தொற்றுக்குப் பிறகு அவர் வருவது நின்றுபோனது. வார நாட்களில் சுமார் நான்கு லட்சம் பயணங்களைக் கண்ட பார்ட் ரயில், பல ஆண்டுகள் கழிந்தும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. 2019-இல் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் காலியாக இருந்த அலுவலக இடம், 2024-இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. கணினியும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலைகளே இந்நகர மையத்தில் அதிகம். அதனால் அடி மற்ற நகரங்களைவிடப் பலமாக விழுந்தது. கைபேசி அசைவுகளைக் கொண்டு வட அமெரிக்க நகர மையங்களின் மீட்சியை அளந்த டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களின் முதல் பட்டியலில், 62 நகரங்களில் சான்பிரான்சிஸ்கோவே கடைசி.

அந்தப் பொறியாளர் காபி குடிப்பதை விட்டுவிடவில்லை. வீட்டுப் பக்கத்தில் குடிக்கிறார். சட்டையை இணையத்தில் வாங்குகிறார். அதனால்தான் அதே நகருக்குள்ளேயே ஹேய்ஸ் வேலி, கிளெமென்ட் தெரு, இன்னர் சன்செட் போன்ற குடியிருப்புக் கடைத்தெருக்கள் நகர மையத்தைவிடச் சீக்கிரம் எழுந்தன.

சட்டம் பிரித்த இரண்டு நகரங்கள்

இங்கேதான், பலரும் பேசாமல் விட்ட ஒரு விஷயம் வருகிறது. ஒரே பெயர்ப் பலகையோடு ஊர் ஊராகக் கிளை பரப்பும் செயின் கடைகளுக்கு இந்நகரம் 2004 முதலே கடிவாளம் போட்டு வருகிறது. 11 அல்லது அதற்கு மேல் வேறு கிளைகள் இருந்து, பலகை, உள்ளலங்காரம், சீருடை, சரக்கு என்று பொதுவான அடையாளங்களும் இருந்தால் அது செயின் கடை. ஹேய்ஸ் வேலியிலும் நார்த் பீச்சிலும் அப்படிப்பட்ட கடைக்கு இடமே இல்லை. 2006-இல் வாக்காளர்கள் ஏற்ற ஒரு தீர்மானத்துக்குப் பின், மற்ற குடியிருப்புக் கடைத்தெருக்களிலும் திட்டக்குழு முன்பு பொது விசாரணை நடந்து அனுமதி கிடைத்த பிறகே திறக்க முடியும்.

நகர மையத்தின் பெரும்பகுதிக்கு இந்த விதி கிடையாது. விளைவு, செயின் கடைகள் அங்கே போய்க் குவிந்தன. எம்போரியம், சிட்டி ஆஃப் பாரிஸ் என்று இந்நகரத்துப் பெயர்களாகவே இருந்த பழைய பெருங்கடைகள் முன்பே மறைந்துவிட்டன. 1906 நிலநடுக்கத்தில் எரிந்தும் திரும்பக் கட்டிக்கொண்டு வந்த கடைகள் அவை. அவற்றின் இடத்துக்கு வந்தவற்றில் பலவற்றின் தலைமையகம் சியாட்டிலிலோ நியூயார்க்கிலோ டோக்கியோவிலோ இருந்தது.

தூரத்திலிருந்து நடத்தப்படும் கடை கெட்ட கடை என்பதல்ல. அதன் முடிவு எடுக்கப்படும் விதம் வேறு. நூற்றுக்கணக்கான கிளைகளை ஒரே தாளில் வரிசைப்படுத்தி, கடைசியில் வருவதை வெட்டுகிறார்கள். பெரும்பாலும் பத்தாண்டு குத்தகை. வாடகை உச்சத்தில் இருந்த 2010-களில் கையெழுத்தானது. அது முடியும் தேதி வரும்போது, பக்கத்துக் கடைக்காரர் யார் என்றோ, தெருவுக்கு இனி என்னாகும் என்றோ அந்தத் தாளில் இடமில்லை. இன்னொன்றும் உண்டு. மால்களில் சிறிய கடைகள் போடும் ஒப்பந்தத்தில், நார்ட்ஸ்ட்ராம் போன்ற பெரிய கடை போய்விட்டால் தாங்களும் வாடகையைக் குறைத்துக்கொள்ளலாம் அல்லது வெளியேறலாம் என்ற நிபந்தனை சாதாரணம். ஒரு பெரிய கடை போனால் பின்னால் பத்துக் கடைகள் போவது இதனால்தான்.

உள்ளூர்க்காரர் கடையாக இருந்தால் மட்டும் பிழைத்திருக்கும் என்று சொல்லவும் முடியாது. 1938 முதல் ஒரே குடும்பம் நடத்திய ஜெஃப்ரீஸ் பொம்மைக் கடை, நகர மையத்தில் 2024 பிப்ரவரியில் மூடியது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பிடிவாதம் எவ்வளவு நாள் சோறு போடும்? ஆனால் நிதானித்து, தள்ளாடி, கடைசிவரை முயன்று மூடும் கடையும், காலாண்டு அறிக்கையோடு மூடும் கடையும் தெருவுக்குச் செய்வது ஒன்றல்ல.

வாடகை ஏன் குறையவில்லை?

கடை காலியானால் வாடகையைக் குறைத்து வேறு ஆளை வைக்க வேண்டியதுதானே என்று தோன்றும். வீட்டு வாடகையில் அப்படித்தான் நடக்கும். வணிகக் கட்டடத்தின் விலையோ, அது ஈட்டும் வாடகையை வைத்தே கணக்கிடப்படுகிறது. அந்த விலையை நம்பி வங்கி கடன் கொடுத்திருக்கிறது. பாதி வாடகைக்கு ஓர் ஒப்பந்தம் போட்டால், கட்டடத்தின் விலை சரிந்தது என்று உரிமையாளரே கையெழுத்திட்டுக் கொடுத்தது போலாகும். காலியாக வைத்திருந்தால், நல்ல காலம் வரும் என்று காகிதத்திலாவது பழைய விலையைக் காப்பாற்றலாம். வெளியே தூசி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் நடப்பது இந்தக் கணக்குதான்.

அந்தக் கணக்கு இப்போது உடைந்துவிட்டது. 2016-இல் சுமார் 120 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட, நார்ட்ஸ்ட்ராம் இருந்த அந்த மால், 2023 இறுதியில் 29 கோடிக்கு இறங்கியது. கலிபோர்னியா தெருவில் 350-ஆம் எண் 22 மாடிக் கட்டடம், பெருந்தொற்றுக்கு முன் 30 கோடி பெறும் என்று கருதப்பட்டது. 2023-இல் 7 கோடிக்கும் குறைவாகக் கைமாறியது. முதலீட்டாளருக்கு இது பேரிழப்பு. ஊருக்கு இதுதான் வாசல் என்பது என் எண்ணம். குறைந்த விலைக்கு வாங்கியவர் குறைந்த வாடகைக்கு விட முடியும்.

நகராட்சியும் சும்மா இல்லை. காலிக் கடைகளைச் சிறு வணிகர்களுக்குச் சில மாதங்கள் வாடகையின்றித் தரும் திட்டம் 2023-இல் தொடங்கியது; அப்படி வந்த சிலர் முறையான குத்தகைக்கு மாறினார்கள். யூனியன் சதுக்கத்தில் 2025 மே மாதம் நின்டெண்டோ கடை திறந்தபோது வரிசை தெருவைச் சுற்றியது. அலுவலகங்களை வீடாக மாற்றுவோருக்கு, மாற்றியபின் முதன்முறை விற்கும்போது சொத்து மாற்ற வரியில் விலக்கு தர 2024 மார்ச்சில் வாக்காளர்கள் சம்மதித்தார்கள். நடைமுறையில் அது கடினம். 1970-களின் கோபுரங்களில் நடுவில் நின்றால் ஜன்னல் எட்டாத் தொலைவில் இருக்கும். ஒரு மாடிக்கு நான்கு கழிவறை என்று போட்ட குழாயை நாற்பது சமையலறைக்கு நீட்ட வேண்டும். நிலநடுக்க விதிகளுக்கேற்ப வலுவூட்டும் செலவு தனி.

ஆனாலும் ஆள் குடியிருப்பதைத் தவிர வேறு நீண்டகால வழி தெரியவில்லை. மேசிஸ் கட்டடத்தை வாங்கி மாற்றியமைக்க வருபவர் அனுமதி கேட்டு நகராட்சியிடம்தான் வந்தாக வேண்டும். மேல் மாடிகளில் வீடு, தரைத்தளத்தில் உள்ளூர் வணிகர் தாங்கும் வாடகையில் சிறு கடைகள் என்ற இரண்டையும் அந்த அனுமதியிலேயே நகராட்சி எழுதி வாங்க வேண்டும். அனுமதி கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது.