வட்டெழுத்தில் ஒரு யூதச் செப்பேடு

கோவைப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைக் கொச்சிக்குச் சுற்றுலா அழைத்துப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு தகவல். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி யூதத் தொழுகைக்கூடத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளைச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் செப்பேடு இந்தக் கூடத்தில்தான் இருக்கிறது. எழுதியது வட்டெழுத்தில், நம் பழைய கல்வெட்டுகள் பலவற்றிலும் இதே எழுத்துதான். பல்லக்கு, குடை, பகல்விளக்கு ஆகியவற்றோடு பறையும் எக்காளமும் அந்த உரிமைகளில் அடக்கம். வாத்தியம் முழங்க ஊர்வலம் போவது அன்று பெரிய கௌரவம். வகுப்பில் வரலாற்றையும் இசையையும் சேர்த்துச் சொல்ல இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு செல்வம், கொச்சி யூதப் பெண்களின் மலையாளப் பாட்டுகள். கல்யாணத்திலும் பண்டிகையிலும் கூடிப் பாடுவார்கள். கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்களில் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது பாட்டுகளும் கூடவே போயின. இன்று பதிவுகளாகக் கேட்கலாம். புறப்படும் முன்பே பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

சனிக்கிழமை வேண்டாம். அது யூதர்களின் ஓய்வுநாள். அன்று பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.