சிறைச் சுவரைத் தாண்டும் நோய்: கைதிகளின் உடல்நலம் ஏன் அனைவருக்கும் முக்கியம்?

2020 செப்டம்பர் தொடக்கத்தில் சபா, லாஹாட் டத்து மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் தடுப்புக் காவல் அறையிலும் தாவாவ் சிறைச்சாலையிலும் கோவிட்-19 தொற்று கண்டறியப்பட்டது. 'பெந்தெங் எல்டி' எனப் பெயரிடப்பட்ட அந்தத் தொற்றுத் திரளில் 1,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அடுத்த சில வாரங்களில் கெடா, அலோர்ஸ்டார் சிறையில் 'தெம்போக்' திரளும், பினாங்கு தடுப்புக் காவல் சிறையில் மற்றொரு திரளும் உருவாயின.

மலாய் மொழியில் பெந்தெங் என்றால் அரண். தெம்போக் என்றால் மதில். அந்த மதிலால் கைதிகளை உள்ளே வைத்திருக்க முடிந்தது. கிருமியைத் தடுக்க முடியவில்லை.

சிறையில் ஏன் வேகமாகப் பரவுகிறது?

மலேசியச் சிறைகள் பல, பெருந்தொற்றுக்கு முன்பே கொள்ளளவை மீறி நிரம்பியிருந்தன. ஒரே அறையில் பலர் படுத்து, ஒரே கழிவறையைப் பயன்படுத்தும் இடத்தில் 1 மீட்டர் கூடல் இடைவெளி நடக்கிற காரியமில்லை. காசநோய், எச்.ஐ.வி. போன்ற பாதிப்புகளும் கைதிகளிடையே வெளியில் இருப்பதைவிட அதிகம்.

சிறைக்குள் ஆள் நடமாட்டமும் ஓய்வதில்லை. வார்டன்கள் பணி முடிந்து வீடு திரும்புகிறார்கள். புதிய கைதிகள் வருகிறார்கள். விசாரணைக் கைதிகள் நீதிமன்றம் சென்று வருகிறார்கள். தண்டனை முடிந்தவர்கள் தங்கள் ஊருக்குப் போகிறார்கள். உள்ளே பரவும் நோய் வெளியே வர இத்தனை வழிகள் உள்ளன.

கைதிக்கு என்ன உரிமை?

ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2015-இல் ஏற்றுக்கொண்ட 'நெல்சன் மண்டேலா விதிகள்' இதைத் தெளிவாகச் சொல்கின்றன. கைதிகளின் மருத்துவப் பராமரிப்பு அரசின் பொறுப்பு. வெளியில் உள்ள மக்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில், கட்டணமின்றி அது வழங்கப்பட வேண்டும். நீதிமன்றம் பறிப்பது நடமாடும் சுதந்திரத்தை மட்டுமே. விசாரணைக் கைதிகளோ இன்னும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்படாதவர்கள்.

என்ன செய்ய முடியும்?

முதலாவது, உள்ளே எடுக்கும் நடவடிக்கைகள்: புதிதாக வருவோரைத் தனியே வைத்துப் பரிசோதித்தல், போதிய சோப்பும் முகக்கவசமும் தருதல், பணியாளர்களையும் பரிசோதித்தல், தடுப்பூசி, காணொளி வழி வழக்கு விசாரணை. நோய்க்காகத் தனிமைப்படுத்துவது தண்டனைபோல் ஆகிவிடவும் கூடாது. 15 நாள்களுக்கு மேல் நீடிக்கும் தனிமைச் சிறையை அதே விதிகள் தடை செய்கின்றன.

இரண்டாவது, நெரிசலைக் குறைத்தல். இது இல்லாமல் முதலாவது பாதிப் பலனே தரும். 2020 மார்ச் 23-இல் இந்திய உச்ச நீதிமன்றம், யாரைப் பரோலிலோ இடைக்கால ஜாமீனிலோ விடலாம் என முடிவு செய்ய மாநிலந்தோறும் உயர்மட்டக் குழு அமைக்க உத்தரவிட்டது. மலேசியாவில், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை மீறியவர்களைச் சிறைக்கு அனுப்புவதைத் தவிர்க்கும்படி சிறைச்சாலை இலாகாவே கேட்டுக்கொண்டது. நோயைத் தடுக்கப் போட்ட ஆணையே நோய் பரவும் இடத்தை நிரப்பக்கூடாது என்பதே இதிலுள்ள நியாயம்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

பெருந்தொற்றுக் காலத்தில் நேரடிச் சந்திப்புகள் நிறுத்தப்பட்டபோது, உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்பதே தெரியாமல் பல குடும்பங்கள் தவித்தன. அத்தகைய சூழல் மீண்டும் வந்தால் குடும்பத்தினர் செய்யக்கூடியவை உண்டு.

கைதானவருக்கு நீரிழிவு, ஆஸ்துமா, இருதய நோய் போன்றவை இருந்தால், மருத்துவ அட்டையின் நகலையும் மருந்துப் பட்டியலையும் உடனே வழக்கறிஞரிடமும் சிறை நிர்வாகத்திடமும் கொடுங்கள். ஜாமீன் மனுவில் நோய் விவரத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஜாமீனில் விட முடியாத குற்றம் சாட்டப்பட்டவராயினும், 16 வயதுக்கு உட்பட்டோர், பெண்கள், நோயாளிகள், உடல் நலிந்தோர் ஆகியோரை ஜாமீனில் விடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 388-ஆவது பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. முடிவு நீதிமன்றத்தின் கையில்தான். ஆனால் ஆவணம் இல்லாமல் போனால், அதைக் கேட்கும் வாய்ப்பே நழுவிப் போகலாம்.