பந்தயத் தடத்தின் வாசலோடு நின்றுவிடும் காப்பீடு

கோவைக்கும் திருப்பூருக்கும் இடைப்பட்ட பகுதி பஞ்சுக்கும் நூலுக்கும் மட்டுமன்றி, கார் பந்தயத்துக்கும் பெயர் பெற்றது. இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். பந்தயக் கார் வடிவமைப்பாளர் எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிய 2.1 கி.மீ. தடம் செட்டிபாளையத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கி வருகிறது. அண்மையில் கருமத்தம்பட்டிப் பகுதியில் 3.8 கி.மீ. நீளத்தில் இன்னொரு தடமும் உருவாகியுள்ளது. திருப்பூரிலிருந்து இரண்டுமே எட்டிவிடும் தொலைவுதான்.

இத்தகைய தடங்களில் பந்தயம் நடக்காத நாள்கள்தான் அதிகம். அந்த நாள்களில் கார் நிறுவனங்களும் உரிமையாளர் குழுக்களும் தடத்தை வாடகைக்கு எடுத்து, சாமானியர்கள் தங்கள் சொந்த காரை வேகமாக ஓட்டிப் பார்க்க வாய்ப்பளிக்கும் நிகழ்ச்சிக்கு 'டிராக் டே' என்று பெயர். பரிசு இல்லை, தரவரிசை இல்லை. கட்டணம் செலுத்தினால் போதும். நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் வேகப்போட்டி நடத்துவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். அந்த வகையில் இதை வரவேற்கவே வேண்டும்.

ஆனால், அங்கே மின்சார கார் நுழையும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. விபத்து நேர்ந்தால் இழப்பை யார் ஏற்பது? தீப்பிடித்தால் அதை அணைக்கத் தேவையானவை அங்கே இருக்கின்றனவா? இரண்டுக்கும் நம்மிடம் தெளிவான விடை இல்லை என்பதுதான் கவலைக்குரியது.

முதலில் காப்பீடு. ஏற்றுமதிச் சரக்குக்கான கடல்வழிக் காப்பீட்டின் ஒவ்வொரு விதிவிலக்கையும் அலசி ஆராயும் பின்னலாடைத் தொழில்முனைவோர் பலர், தங்கள் காருக்கான காப்பீட்டுப் பத்திரத்தை ஒருமுறைகூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். அதில் 'பயன்பாட்டு வரம்புகள்' என்றொரு பத்தி உண்டு. வாகனத்தை எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்று தாராளமாகத் தொடங்கி, சிலவற்றை அது விலக்குகிறது. வாடகைக்கு ஓட்டுதல், சரக்கு ஏற்றுதல் ஆகியவற்றோடு ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், பந்தயத்துக்கு வேகம் வகுத்து முன்னோடுதல், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை ஆகியவையும் அந்த விலக்குப் பட்டியலில் உள்ளன. இந்த வாசகம் புதிதன்று. 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண ஏட்டிலிருந்து தொடர்ந்து வருவது.

டிராக் டே என்பது பந்தயமா? இல்லை என்பார்கள் அமைப்பாளர்கள். யாரும் யாரையும் முந்தி வெற்றி பெறுவதில்லை என்பது அவர்கள் வாதம். சரி, வேகச் சோதனையா? இங்கேதான் சிக்கல். ஒரு சுற்றை எத்தனை விநாடிகளில் முடித்தார் என்பதைக் கருவி வைத்து அளந்து, பலகையில் எழுதிவிட்டால், அதை வேகச் சோதனை அல்ல என்று வாதிடுவது எளிதன்று. நேரம் அளக்காமல் ஓட்டும் பயிற்சி மட்டுமே அளிக்கப்பட்டால் வாதத்துக்கு வலு கூடும். விலக்கு பொருந்தும் என்பதை நிறுவும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துடையது. ஒப்பந்தச் சொற்களில் ஐயம் இருந்தால் அது காப்பீடு பெற்றவருக்குச் சாதகமாகவே கொள்ளப்படும் என்பது நம் நீதிமன்றங்கள் ஏற்ற கோட்பாடு. ஆனாலும், உருக்குலைந்த காரை வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்தின் படியேறி ஏற்படும் தீர்ப்பை, 'காப்பீடு இருக்கிறது' என்று எண்ணிச் செல்பவர் எதிர்பார்ப்பதில்லை.

தன் காருக்கான இழப்பை வசதியுள்ளவர் தாங்கிக்கொள்வார். அடுத்தவருக்கு ஏற்படும் இழப்பு? மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம் என்பதால் அது எங்கும் எப்போதும் பொருந்தும் என்று பலர் நம்புகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்குவது 'பொது இடத்தில்' ஓட்டும் வாகனத்துக்கு மட்டுமே. வேலியிட்டுக் கட்டணம் வாங்கி அனுமதிக்கும் தனியார் தடம் பொது இடமா? சென்னை உயர் நீதிமன்றம் உள்படப் பல நீதிமன்றங்கள் அந்தச் சொல்லுக்கு விரிந்த பொருள் தந்துள்ளன. அப்படியே பொது இடம் என்று கொண்டாலும் தடை தீர்ந்துவிடவில்லை. மூன்றாம் நபர் இழப்பீட்டை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுமதிக்கப்பட்டுள்ள மிகச் சில காரணங்களில் ஒன்றாக, ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வாகனத்தைப் பயன்படுத்தியதை 150-ஆவது பிரிவே குறிப்பிடுகிறது. அதாவது, பத்திரத்தில் உள்ள விலக்கைச் சட்டமும் வழிமொழிகிறது.

மருத்துவக் காப்பீட்டில் நிலைமை சற்று ஆறுதலானது. 2019-இல் காப்பீட்டு ஒழுங்காற்று மற்றும் மேம்பாட்டு ஆணையம் விலக்குகளின் வாசகத்தைச் சீர்படுத்தியபோது, மோட்டார் பந்தயம் உள்ளிட்ட சாகச விளையாட்டுகளில் 'தொழில்முறையாக' ஈடுபடுவதால் வரும் சிகிச்சைச் செலவையே விலக்கியது. பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு அந்த ஒரு சொல் பெரிய பாதுகாப்பு. ஆயினும் தனிநபர் விபத்துக் காப்பீடும் ஆயுள் காப்பீட்டின் கூடுதல் பலன்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதால், அவற்றைத் தனித்தனியே படித்துத்தான் ஆக வேண்டும்.

இதுவரை சொன்னவை பெட்ரோல் காருக்கும் பொருந்தும். மின்சார கார் கூடுதலாக எதைக் கொண்டுவருகிறது?

எடை முதலாவது. ஒரே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மின்சார கார் சில நூறு கிலோ கூடுதலாக இருக்கும். மோதலின் ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்திலும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும் கூடுகிறது. 100 கி.மீ. வேகத்திலிருந்து 140-க்குச் சென்றாலே ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். காலால் மிதித்த கணத்தில் முழு விசையும் சக்கரத்துக்கு வந்துவிடுவதால், அந்த வேகத்தை எட்டப் புதியவருக்கும் திறமை தேவையில்லை. நிறுத்துவதற்குத்தான் தேவை.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சாலையில் மின்சார கார் வேகம் குறையும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி மின்கலத்தை நிரப்புகிறது; பிரேக் வேலையில் பெரும்பகுதி அதனால் நடக்கிறது. மின்கலம் நூறு சதவீதம் நிரம்பியிருந்தாலோ, அளவுக்கு மீறிச் சூடேறியிருந்தாலோ அந்த உதவி குறைந்துவிடும். தடத்துக்கு வருபவர் இரவெல்லாம் சார்ஜ் செய்து முழுமையாக நிரப்பிக்கொண்டு வருகிறார். முதல் வளைவில் கார் அவர் பழகியபடி நிற்பதில்லை. பயிற்சியாளர் ஒருவர் இரண்டு நிமிடம் செலவிட்டு இதைச் சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால் வளைவுதான் சொல்லும்.

அடுத்தது தீ. மின்சார கார்கள் பெட்ரோல் கார்களைவிட அடிக்கடி தீப்பற்றுகின்றன என்று சொல்வதற்கில்லை. 2022-இல் வேலூரில் மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் உயிரிழந்த துயரம் நம் நினைவிலிருந்து அகலாததால் அச்சம் மிகையாக இருக்கலாம். அதன்பின் மத்திய அரசு மின்கலப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. தீப்பற்றும் வாய்ப்பைவிட, பற்றினால் அதன் இயல்பு வேறு என்பதே இங்கு முக்கியம். லித்தியம் அயனி மின்கலத்தின் ஓர் அறை சேதமுற்றுச் சூடேறினால், அந்த வெப்பம் அடுத்த அறையைத் தாக்கும், அது அதற்கடுத்ததை. எரிய வெளிக்காற்றை மட்டும் அது நம்பியிருப்பதில்லை என்பதால், உலர் பொடித் தீயணைப்பான் மேற்பரப்புச் சுவாலையை அடக்குமேயன்றி உள்ளே நிகழும் வினையை நிறுத்தாது. தொடர்ந்து நீர் பாய்ச்சிக் குளிர்விப்பதே வழி. பல்லாயிரம் லிட்டர் தேவைப்படலாம். நொய்யல் கரையில் கோடையில் குடிநீருக்கே லாரியை எதிர்பார்க்கும் ஊர்களின் நடுவே உள்ள தடத்தில், அவ்வளவு நீர் சேமிப்பில் இருக்கிறதா என்பது வீண் கேள்வியன்று.

அணைந்த பிறகும் ஆபத்து முடிவதில்லை. சேதமடைந்த மின்கலத்தில் தங்கிவிடும் மின்னாற்றலும், அது மீண்டும் தீப்பற்றும் வாய்ப்பும் மீட்புப் பணியாளர்களுக்குப் பேரிடர் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020-இல் தனி அறிக்கையே வெளியிட்டது. 2017-இல் சுவிட்சர்லாந்தில் மலைச் சாலைப் பந்தயத்தின்போது பிரிட்டன் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ரிச்சர்ட் ஹேமண்ட் ஓட்டிய ரிமாக் மின்சார கார் கவிழ்ந்து எரிந்தது. அவர் முழங்கால் முறிவோடு தப்பினார். காரின் மின்கலமோ ஐந்து நாள்கள்வரை விட்டுவிட்டு எரிந்ததாகப் பின்னர் கூறப்பட்டது.

தீ என்றதும் நாம் வளைவையும் மோதலையும் நினைக்கிறோம். அனுபவம் வேறு இடத்தைக் காட்டுகிறது. 2019 மார்ச்சில் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில் மோட்டோ-ஈ மின்சார பைக் போட்டிக்கான கூடாரம் நள்ளிரவில் எரிந்து, அணிகளின் பைக்குகள் அனைத்தும் சாம்பலாயின. முதல் பருவத்தின் தொடக்கமே தள்ளிப்போனது. 2023 ஜூலையில் இங்கிலாந்தின் லிடன் ஹில்லில் உலக ரேலிகிராஸ் போட்டிக்கு முன்பு ஓர் அணியின் பணியிடத்தில் மூண்ட தீயில் இரு மின்சார கார்கள் அழிந்தன. இரண்டுமே தடத்தில் நிகழ்ந்தவையல்ல. பயிற்சி பெற்ற பொறியாளர்கள் சூழ்ந்திருந்த இடத்திலேயே அந்தக் கதி என்றால், வாடகை ஜெனரேட்டரிலிருந்து நீட்டிப்பு வயர் இழுத்து, வெயிலில் கொதிக்கும் காருக்கு அவசரமாகச் சார்ஜ் ஏற்றும் ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் குழுவை நினைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

இதற்கான பாடம் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. பொறியியல் மாணவர்கள் தாங்களே கார் உருவாக்கிப் போட்டியிடும் 'ஃபார்முலா பாரத்' பல ஆண்டுகள் செட்டிபாளையம் தடத்தில்தான் நடந்தது. அதன் மின்சாரப் பிரிவில் ஒவ்வோர் அணியும் மின்னமைப்புக்குப் பொறுப்பான ஒருவரை நியமித்தாக வேண்டும். மின்கசிவைக் கண்டறியும் கருவி காரில் இருக்க வேண்டும்; 120 விநாடிகள் காரின்மீது நீர் தெளித்து அதைச் சோதிப்பார்கள். மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பொத்தான்கள் காரின் இரு பக்கமும், ஓட்டுநரின் கைக்கெட்டும் தொலைவிலும் இருக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட இடத்தில், பொறுப்பாளர் முன்னிலையில்தான் சார்ஜ் செய்யலாம். மாணவர்களிடம் இவ்வளவு கண்டிப்போடு கேட்கும் நாம், பல லட்ச ரூபாய் காரோடு வருபவரிடம் ஓட்டுநர் உரிமத்தையும் தலைக்கவசத்தையும் மட்டும் கேட்டு அனுப்புவது என்ன நியாயம்?

தடத்தோரம் கொடியோடு நிற்கும் மார்ஷல்களைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. பெட்ரோல் கார் வருவதை அவர்கள் காதாலேயே அறிவார்கள். மின்சார கார் அந்த எச்சரிக்கையைத் தருவதில்லை. மோதி நின்ற காரின் 400 வோல்ட் இணைப்பு துண்டிக்கப்பட்டதா என்று தெரியாமல் ஓட்டுநரை இழுக்கப் போகிறவர்களும் அவர்களே. ஹைதராபாத்தில் 2023 பிப்ரவரியில் நடந்த ஃபார்முலா ஈ போட்டியில், கார் தொடத் தக்கதா என்பதைக் காட்டும் விளக்கு ஒவ்வொரு காரிலும் இருந்தது. சாலை காரில் அப்படி ஒன்று இல்லை. மின்காப்புக் கையுறையும், அந்த மாடலின் துண்டிப்பு இணைப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு பக்கத் தாளும் மார்ஷலிடம் இருந்தால் போதும்; செலவு சொற்பம். அவர் பெயரில் விபத்துக் காப்பீடு எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கட்டணம் செலுத்துபவர்கள் கேட்கத் தொடங்கினால், அமைப்பாளர்கள் எடுக்கத் தொடங்குவார்கள். 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில், உரிமம் பெற்ற, நெடிய அனுபவமுள்ள கே.இ. குமார் தேசியப் போட்டி ஒன்றில் உயிரிழந்தார். மருத்துவக் குழு தயாராக நின்ற இடத்திலேயே அது நேர்ந்தது.

காப்பீட்டுக்கும் வழி இல்லாமல் இல்லை. பிரிட்டனில் டிராக் டேக்கென்றே ஒருநாள் காப்பீடு விற்கப்படுகிறது. இழப்பில் கணிசமான பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டும். பெரும்பாலும் சொந்த காரின் சேதத்துக்கு மட்டுமே அது பொருந்தும். இருந்தாலும் எது உண்டு, எது இல்லை என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கூடுதல் கட்டணம் பெற்று ரேலிக்கும் நம்பகத்தன்மைச் சோதனைக்கும் காப்பை நீட்டிக்கும் ஏற்பாடு நம் பழைய கட்டண ஏட்டிலேயே இருந்தது. அதே முறையில், நேரம் அளக்காத பயிற்சி ஓட்டத்துக்கு ஒருநாள் காப்பை நம் நிறுவனங்களும் வடிவமைக்கலாம். ஆணையம் அதற்குத் தெளிவான வரையறை தரலாம். அதுவரை, தன் காப்பீட்டு நிறுவனத்துக்கு நிகழ்ச்சியின் பெயரையும் தன்மையையும் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்துவழிப் பதில் பெறுவதே உரிமையாளருக்கு உகந்தது. வாயிலில் கையொப்பம் கேட்டு நீட்டப்படும் பொறுப்புத் துறப்புப் படிவத்தைத் தமிழிலும் தரச் சொல்லலாம். மின்கல உத்தரவாதத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது: பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பந்தயப் பயன்பாட்டை விலக்குகிறார்கள், வேகம், வெப்பநிலை எல்லாவற்றையும் காரே பதிவு செய்து வைத்திருக்கிறது.

இறுதியாக ஒன்று. தடத்தில் அடிபட்ட மின்சார காரைக் கட்டடங்களிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளித் திறந்தவெளியில் நிறுத்திக் கண்காணிக்க வேண்டும் என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அறிவுரை. நம் ஊரில் அப்படிப்பட்ட காரை அன்று மாலையே இழுவை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். திருப்பூரில் பல வீடுகளின் கீழ்த்தளம் கிடங்கு. கார் நிற்கும் இடத்துக்குச் சில அடிகளில் துணிச் சுருள்களும் பனியன் கட்டுகளும் அடுக்கியிருக்கும். கருகிய பம்பரோடு அந்த காரை அங்கே நிறுத்தும் முன், கிடங்கின் தீக்காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் படிக்க வேண்டியிருக்கும்.