போதைக்கு அடிமையாகும் வரிக்குதிரை மீன்

போதைக்கு அடிமையானவரை மனவுறுதியற்றவர் என்று நாம் எளிதில் ஏசிவிடுகிறோம். மனவுறுதியை எதிர்பார்க்க முடியாத சின்னஞ்சிறு மீனும் அடிமையாகிறதே! கங்கைச் சமவெளி ஓடைகளில் வாழும் வரிக்குதிரை மீன் நம் சுண்டுவிரலைவிடச் சிறியது. ஆயினும் அபின் வகை மருந்துகள் சென்று பொருந்தும் ஏற்பி, நம் மூளையில் இருப்பதுபோலவே அதன் மூளையிலும் உண்டு.

அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வைக் காண்போம். தொட்டிக்குள் ஒரு மேடை. அதன்மேல் மீன் நீந்தினால் ஹைட்ரோகோடோன் என்னும் வலிநீக்கி மருந்து சிறிது நீரில் கலக்கும். யாரும் ஊட்டுவதில்லை, மீனே தேடி வரவேண்டும். மருந்தில்லாத மேடைக்கு 50 நிமிடத்தில் சுமார் 200 முறையே மீன்கள் வந்தன. மருந்துக்குப் பழகியவையோ ஏறக்குறைய 2,000 முறை! ஆழமில்லாத நீர் என்றால் இம்மீன்களுக்கு அச்சம். மருந்துக்காக அங்கும் சென்றன. மருந்து நின்றதும் பதற்றம் கொண்டன. அந்த ஏற்பியை அடைக்கும் வேறொரு மருந்தைக் கொடுத்தபோது நாட்டம் தணிந்தது.