ஆறு மாதக் கோர்ஸும் முதல் வேலையும்

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு பெற்றோர் என்னிடம் கேட்பது இதைத்தான்: "சேர், ஆறு மாசக் கோர்ஸ் ஒன்று இருக்காம். முடிச்சா மென்பொருள் கம்பனியில வேலை கிடைக்குமா?" நகையை அடகு வைத்தாவது கட்டணம் கட்டத் தயாராக வருகிறார்கள். அதனால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

துறைமுகம், பிறிமா மாவாலை, டோக்கியோ சீமெந்து என்று திருகோணமலையில் வேலை கேட்டுப் போக இடங்கள் உண்டு. மென்பொருள் துறையின் பெரிய கம்பனிகளோ கொழும்பை மையமாகக் கொண்டவை. அங்கே முதல் வாசல் பயிலுநர் இடம். அதற்குப் பல்கலைக்கழக மாணவர்களே வரிசையில் நிற்கிறார்கள். நேர்முகத்தில் சான்றிதழை ஒருமுறை புரட்டிவிட்டு ஒரு கணக்கைக் கொடுப்பார்கள். நிரல் எழுத வேண்டும், ஏன் அப்படி எழுதினாய் என்று ஆங்கிலத்தில் விளக்கவும் வேண்டும். தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைகள் பலர் நிரலில் அல்ல, இந்த விளக்கத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

காலமும் மாறிவிட்டது. 2022 நவம்பரில் மெட்டா 11,000க்கும் மேற்பட்டோரை நிறுத்தியது. அதே மாதம் சாட்ஜிபிடி வந்தது. புதியவர்களிடம் கொடுத்துவந்த சில்லறை வேலைகளில் ஒரு பகுதியை இப்போது இயந்திரமே எழுதுகிறது.

அதற்காகக் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. மொரட்டுவை பல்கலைக்கழகம் நிரலாக்கப் பாடநெறியை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரிப் பட்டமான பிஐடி 2000ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. அதற்கு இசட் புள்ளிப் போட்டி இல்லை. இவற்றை விசாரிக்காமல் விளம்பரப் பலகையை நம்பி இலட்சக்கணக்கில் கட்டுவது எனக்கு விளங்கவில்லை.

பிள்ளை தானாக ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். மஹல்லாப் பள்ளிவாசலின் சந்தாக் கொப்பியை எடுங்கள். ஒருவர் மூன்று மாதச் சந்தாவைச் சேர்த்துக் கட்டுவார், இன்னொருவர் பாதி கட்டுவார். ஒரு குடும்பம் கிண்ணியாவிலிருந்து மூதூருக்குக் குடிபெயரும். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். இதையெல்லாம் பிழையில்லாமல் கையாளும் செயலியை எழுதி, பொருளாளர் ஆறு மாதம் பாவித்தார் என்றால், நேர்முகத்தில் பேச அந்தப் பிள்ளையிடம் சொந்தமாக விஷயம் இருக்கும். யூடியூப் பார்த்துப் பிரதி பண்ணிய செயலி இரண்டாவது கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.

பெண்பிள்ளைகள் இதில் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் இடம் கிடைத்த பிறகுதான் வீட்டில் "கொழும்பில் எங்கே தங்குவது" என்ற பேச்சே தொடங்குகிறது. அதைக் கோர்ஸில் சேர்க்கும் முன்பே பேசி முடியுங்கள். பயிலுநர் கொடுப்பனவு தங்குமிட வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாமல் போகலாம். கோர்ஸுக்கென்று ஒதுக்கும் பணத்தில் பாதியை அந்த மாதங்களுக்காக வைத்திருங்கள்.