பூசைக்குப் போகாவிட்டால் யார் கேட்பார்கள்?

அயர்லாந்தின் அரசுத் தொலைக்காட்சியில் மாலைச் செய்தி 6 மணிக்குத் தொடங்குவதில்லை. 6 மணி 1 நிமிடத்துக்குத்தான் தொடங்கும். அந்த ஒரு நிமிடம் மூவேளைச் செபத்துக்கானது. மணி 18 முறை ஒலிக்கும். வானொலியில் 1950 ஆகஸ்ட் 15 அன்று, மாதாவின் விண்ணேற்பு நாளில் தொடங்கிய வழக்கம் இது. முன்பெல்லாம் மணி ஒலிக்கும்போது திரையில் மாதாவின் ஓவியம் வரும். இப்போது, கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுச் சற்று நிமிர்ந்து பார்க்கும் சாதாரண மனிதர்கள் வருகிறார்கள். செபிக்கிறவர் செபிக்கலாம், மற்றவர் சும்மா இருக்கலாம். மணியை நிறுத்தவில்லை, கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். இந்த அரை நூற்றாண்டில் அந்த நாட்டில் விசுவாசத்துக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

1970களின் தொடக்கத்தில் அயர்லாந்துக் கத்தோலிக்கரில் பத்துக்கு ஒன்பது பேர் வாரம் தவறாமல் பூசைக்குப் போனார்கள். இரவில் வீட்டு அடுப்படியில் செபமாலை. நாற்காலியின் இருக்கையில் முழங்கையை ஊன்றி, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டியபடி வீடே முழந்தாளில் நிற்கும். ஐந்து பத்துமணி முடிந்தாலும் எழுந்துவிட முடியாது. செத்துப்போன சித்தப்பா, அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பிள்ளை, நோயில் கிடக்கும் பக்கத்து வீட்டுக்காரர் என்று அம்மா ஒவ்வொருவருக்காகவும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போவார். செபமாலையைவிட அதன் வால் நீளம் என்பது அங்கே வீட்டுக்கு வீடு இருந்த கேலி.

அதே ஊரில் இன்னொரு காட்சியும் உண்டு. பங்குக்கு எந்த வீடு எவ்வளவு கொடுத்தது என்று பீடத்திலிருந்து பெயர் சொல்லிக் குருவானவர் வாசிப்பார். குறைவாகக் கொடுத்தவர் பெயருக்குக் கோயிலே காது கொடுக்கும். பூசைக்கு வராதவரைப் பங்குக் குரு கேட்பார். அவர் கேட்கும் முன்பே பக்கத்து வீடு கேட்டுவிடும்.

கேட்கும் அதிகாரம் தெருவோடு நிற்கவில்லை. 1937 அரசமைப்புச் சட்டம் கத்தோலிக்கத் திருச்சபைக்குச் ‘சிறப்பு இடம்’ தந்தது. தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம் தரும் திட்டத்தை நல்வாழ்வு அமைச்சர் நோயல் பிரௌன் கொண்டுவந்தார். ஆயர்கள் எதிர்த்தார்கள், 1951இல் அமைச்சர்தான் பதவி விலகினார். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் கத்தோலிக்கர் படிக்கப் பேராயரின் அனுமதி வேண்டும் என்ற தடை 1970 வரை இருந்தது. 1979 செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் பூசை வைத்தபோது 10 லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். நாட்டின் மக்கள்தொகையே அப்போது 34 லட்சத்துக்குள்தான்.

2018 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் அதே பூங்காவுக்கு வந்தார். 5 லட்சம் பேருக்கு ஏற்பாடு; வந்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மழையும் காற்றும் ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேறு. அன்று அவர் பூசையைத் தொடங்கியதே மன்னிப்புக் கேட்டு.

எதற்கு மன்னிப்பு? குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கிய குருக்களையும், அவர்களைப் பங்கு மாற்றிப் பங்கு அனுப்பிக் காத்த மேலிடத்தையும் 2005இல் ஃபெர்ன்ஸ் அறிக்கையும் 2009இல் மர்ஃபி அறிக்கையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. துறவற சபைகள் நடத்திய சிறுவர் இல்லங்களில் நடந்ததை 2009இல் ரயன் அறிக்கை அடுக்கிவைத்தது. மணமாகாமல் கருவுற்ற பெண்கள் உட்படப் பலரைக் கூலியில்லாமல் வேலை வாங்கிய மக்தலேனா சலவைக்கூடங்களில் கடைசியானது 1996இல்தான் மூடப்பட்டது. டுவாம் நகரில் கன்னியர் நடத்திய தாய்சேய் இல்லத்தில் இறந்த 796 குழந்தைகளின் இறப்புப் பதிவுகளை உள்ளூர் வரலாற்று ஆர்வலர் காதரின் கார்லெஸ் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்.

எல்லாவற்றையும் இந்தக் குற்றங்களின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. 1960களில் வந்த தொலைக்காட்சி, 1967இன் இலவச மேல்நிலைக் கல்வி, 1973இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது, பெண்கள் வேலைக்குப் போனது என்று பிடி முன்பே தளர்ந்திருந்தது. அறிக்கைகள் வந்தபோது, தளர்ந்த கை விலகியது. கருக்கலைப்புத் தடையை அரசமைப்பில் ஏற்ற 1983இல் 67 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அதை நீக்க 2018இல் 66 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 1961இல் மக்களில் 95 சதவீதமாக இருந்த கத்தோலிக்கர் 2022 கணக்கெடுப்பில் 69 சதவீதம். மதமில்லை என்று எழுதியவர்கள் 14 சதவீதம். டப்ளின் மறைமாவட்டத்தின் கிளான்லிஃப் குருமடம் 2000இல் மூடப்பட்டது. பின்னர் அந்த நிலம் விளையாட்டுச் சங்கத்துக்கு விற்கப்பட்டது.

அப்படியானால் இன்று அங்கே கிறிஸ்தவராக வாழ்வது எப்படி இருக்கிறது?

புதுநன்மையைப் பாருங்கள். தொடக்கப் பள்ளிகளில் பத்துக்கு ஒன்பது இன்னும் திருச்சபையின் பொறுப்பில்தான் உள்ளன. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளை வகுப்பிலேயே தயார்செய்கிறார்கள். மே மாதம் வெள்ளைக் கவுன், வீட்டுத் தோட்டத்தில் பிள்ளைகள் குதிக்கக் காற்றடைத்த கோட்டை, கையில் பல நூறு யூரோ அன்பளிப்பு. அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பங்களில் பல கோயிலில் இருக்காது. இதனால், ‘தயாரிப்பைப் பள்ளியிடமிருந்து எடுத்துப் பெற்றோரிடமும் பங்கிடமும் கொடுங்கள்’ என்கிற குரல் திருச்சபைக்குள்ளிருந்தே வருகிறது. கூட்டம் குறையும் என்று தெரிந்தே கேட்கிறார்கள். விரும்பி வருகிறவர் வந்தால் போதும் என்ற இந்தத் துணிவு அன்றைய திருச்சபைக்கு வந்திருக்காது.

கிராமப்புறத்தில் வீட்டுப் பூசை இன்னும் சில இடங்களில் நடக்கிறது. கத்தோலிக்க வழிபாட்டை அடக்கிய சட்டங்களின் காலத்திலிருந்து வரும் வழக்கம். ஊர்ப் பகுதியில் ஒவ்வொரு வீடாக முறை வரும். முறை வந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, அடுப்படி மேசையைப் பீடமாக்கி, பூசை முடிந்து எல்லாருக்கும் சாப்பாடு போடுவார்கள். அன்று முறையைத் தட்டிக்கழிக்க முடியாது. இன்று முறையை ஏற்கும் வீடு தானே கைதூக்கிய வீடு. வந்து பூசை வைக்கும் குருவானவர் நைஜீரியாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்தவராகவும் இருக்கலாம். 1842இல் சென்னைக்குக் கன்னியரை அனுப்பிய நாடு அது. பின்னாளில் சர்ச் பார்க் பள்ளியைத் தொடங்கிய பிரசன்டேஷன் சபையினர்தான் அவர்கள்.

2018 பயணத்தில் பூங்காப் பூசைக்கு முந்தைய நாள் திருத்தந்தை பிரான்சிஸ் டப்ளினின் போ தெருவுக்குப் போனார். கப்புச்சின் சபையின் பிரதர் கெவின் க்ரௌலி 1969இல் தொடங்கிய இல்லம் அங்கே இருக்கிறது. வீடில்லாதவர்களுக்குக் காலை உணவு, மதியச் சாப்பாடு. குடும்பங்களுக்கு மளிகைப் பை. கைக்குழந்தை உள்ளவர்களுக்குப் பால்மாவு. வருகிறவரிடம் எந்த மதம், ஏன் இந்த நிலை என்று எதுவும் கேட்பதில்லை. எல்லாரையும் எல்லாவற்றையும் கேட்ட ஒரு திருச்சபையில், கேள்வியே கேட்காத இந்த மூலைக்குத்தான் பூசைக்குப் போகாதவர்களிடமும் மதிப்பு மிஞ்சியிருக்கிறது.

இழப்பு இல்லாமல் இல்லை. பேரப்பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு இல்லையே என்று தவிக்கும் பாட்டிகள் இருக்கிறார்கள். பூசைக்குப் போவதை அலுவலகத்தில் சொல்லத் தயங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அன்று போகாமலிருக்கத் தைரியம் வேண்டியிருந்தது. இன்று போவதற்குக் காரணம் வேண்டியிருக்கிறது. காரணத்தோடு போகிறவர் குறைவுதான். ஆனால் அவர் ஏன் போகிறார் என்று அவருக்குத் தெரியும்.

கோயில் நிறைந்து வழிவதையே விசுவாசத்தின் அளவுகோலாக நாமும் வைத்திருக்கிறோம். மக்தலேனா சலவைக்கூடங்களில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் அயர்லாந்தின் கோயில்களும் நிறைந்துதான் இருந்தன.